தென்கரையில் மண் தெரியாத நாட்கள்

போகியன்று விடியற்காலையில் தென்கரை முழுக்க வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ விழத் தொடங்கியபோது, நாங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அது வடகரைக்காரர்கள் கொளுத்திய குப்பையின் சாம்பல் என்றுதான் நினைத்தோம். வேறு எப்படி நினைப்பது? எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில் கொக்குத்தாங்கல் ஏரி மூன்று மைல் அகலத்துக்குக் கிடக்கிறது, வாடைக்காற்று அங்கிருந்து இங்கேதான் அடிக்கிறது, தங்கள் வீட்டுப் பழம் பாயும் கிழிந்த கோணியும் உடைந்த முறமும் எரிந்து எங்கள் தலையில் வந்து விழட்டும் என்று அவர்கள் காத்திருந்து கொளுத்துவார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. எனவே ஏழெட்டுப் பேர் ஏரிக்கரையில் ஏறி நின்று, வாயருகே கையைக் குவித்து, வடகரையை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எதிர்க்காற்று அந்த ஏச்சை அப்படியே திருப்பி அவர்கள் வாயிலேயே போட்டது, கூடவே அந்த வெள்ளையும் வாய்க்குள் போனது. அப்போதுதான் குச்சி ஐஸ் விற்கும் முனிரத்தினம் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், இது சாம்பல் இல்லய்யா, ஐஸு" என்றார்.

சாம்பல் இல்லை என்று தெரிந்ததும் எங்களுக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான், ஆசையாய் ஆரம்பித்த சண்டை பாதியில் நின்றுவிட்டதே என்று. ஆனால் அதற்குள் காற்று வலுத்துவிட்டது. அது அடித்த அடியில் மாரியம்மன் கோயில் கொடிமரம் முனகியது, ரேஷன் கடைத் தகரக் கூரை எழுந்து எழுந்து உட்கார்ந்தது, கொடியில் காய்ந்த வேட்டிகள் ஆளில்லாமல் தெருவில் ஓடின, அந்தக் காற்றோடு பனி வந்தது, குனிந்தால் முதுகில் விழுந்தது, நிமிர்ந்தால் மூக்கில் விழுந்தது, வைக்கோல் போரை வெள்ளைக் குன்றாக்கியது, டிராக்டரைக் காணாமல் அடித்தது, பொங்கலன்று காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது தெருவில் இடுப்பளவு நின்றது. வெள்ளைத் தரையில் அரிசி மாவுக் கோலம் எடுபடாது என்பதால் பெண்கள் செங்கல்லை இடித்துச் சிவப்பாகக் கோலம் போட்டார்கள். பானை பொங்க மத்தியானம் ஆனது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் நீலமும் சிவப்பும் அடித்துக்கொண்டு வெளியே வந்த மாடுகள் பனியைப் பார்த்தன, எங்களைப் பார்த்தன, பிறகு புல் தேடுவது போல மூக்கால் பனியைத் தள்ளிக்கொண்டு வழக்கமான வழியிலேயே ஏரிக்குப் போயின. மாடுகளே அலட்டிக்கொள்ளாதபோது நாங்கள் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்? கம்பளி இருந்தவர்கள் கம்பளியையும், இல்லாதவர்கள் ஜமக்காளத்தையும் போர்த்திக்கொண்டு வேலையைப் பார்த்தோம்.

இதில் பாவம் முனிரத்தினம்தான். தெருவெல்லாம் ஐஸ் கொட்டிக் கிடக்கும் ஊரில் குச்சி ஐஸ் யார் வாங்குவார்கள்? ஆனால் ஊரில் ஐஸைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர் என்பதால் மூன்றாம் நாளே அவர் பெரிய மனிதராகிவிட்டார். கூரையில் எவ்வளவு பனி தாங்கும், பனியில் கால் வைத்தால் சளி பிடிக்குமா, மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கேட்டோம். அவரும் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொன்னார்.

காணும் பொங்கலன்று சென்னையிலிருந்து வானிலை ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி காற்றளக்கும் கருவியோடு வந்தாள். கரையில் நின்று ஒரு மணி நேரம் அளந்தாள். ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதன் மேல் ஐஸ் போன்ற காற்று ஓடுகிறது, ஏரியிலிருந்து எழும்பும் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில் பனியாகக் கொட்டுகிறது, அதனால்தான் வடகரையில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை, ஏரி உறைந்துபோனால் ஆவி நின்றுவிடும், பனியும் நின்றுவிடும் என்று விளக்கினாள். "இது கொக்குத்தாங்கலுக்கு எப்படி வந்துச்சும்மா?" என்று கேட்டோம். "அதுதான் எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் இரண்டு தொன்னை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தை சாயங்காலத்துக்குள் வடகரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் வடகரைக்காரர்கள் பதினான்கு மைல் ஏரியைச் சுற்றிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள்.

"ஏரித் தண்ணிதானே மேல போயி உங்க ஊர்ல விழுது? ஏரி ரெண்டு ஊருக்கும் பொதுவு. அப்போ பனியும் பொதுவுதான்" என்றார்கள்.

நியாயம்தான், என்ன செய்வது? கொக்குத்தாங்கலில் தண்ணீர் என்பது எப்போதுமே முறை வைத்துத்தான், மூன்று நாள் அவர்கள் மதகு, மூன்று நாள் எங்கள் மதகு. அதே முறையைப் பனிக்கும் வைத்தோம். காற்றைத் திருப்ப யாராலும் முடியாது என்பதால், அவர்கள் முறை நாட்களில் அவர்கள் வந்து எங்கள் தெருவில் பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்வது, நாங்கள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது, ஒரு பிடி எடுப்பதானாலும் அவர்களைக் கேட்டு எடுப்பது என்று ஏற்பாடு. வடகரைத் தலைவரே, அறுபது வயது, கஞ்சி போட்ட சட்டையோடு கோயில் மேட்டிலிருந்து முறத்தில் உட்கார்ந்து சறுக்கி வந்ததை நாங்கள் வயிற்றெரிச்சலோடு பார்த்தோம்.

வடகரையிலிருந்து எல்லாரும் வந்தார்கள். தணிகாசலம் மட்டும் வரவில்லை.

அவர் வராததால் கல்யாணமே நின்றுபோகும் நிலையில் ஒரு வீடு எங்கள் ஊரில் இருந்தது. தணிகாசலத்தின் தங்கை வேதவல்லி எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள், ஏரிக்கரைக்குக் கிட்டத்தில் வீடு. அவள் மகள் சுகந்திக்குத் தை ஒன்பதாம் தேதி கல்யாணம், மாப்பிள்ளை செய்யாறு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணையில் உட்கார வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தாலி. சுகந்தியோ, "மாமா வந்து பட்டம் கட்டலன்னா நான் மணையில உக்கார மாட்டேன், மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஒப்புக்கு வேறு யாரையாவது மாமனாக நிறுத்தலாம் என்று சொன்ன சித்தப்பாவை அவள் பார்த்த பார்வையில் அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில், வடகரை முறை நாளில், வேதவல்லியின் வீட்டுக்காரர் பக்தவத்சலம் எங்கள் மதகைத் திறந்துவிட்டார். திறந்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறோம். தட்டிக் கேட்க மச்சான் தணிகாசலம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார், வார்த்தை தடித்தது, ஒரு அடி முன்னால் வைத்தவர் வாய்க்கால் சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். இரண்டு ஊரும் சிரித்தது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார், ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வேதவல்லி. அவளுக்கு அப்படித்தான், யாராவது விழுந்தால் அடக்க முடியாது, பிறந்ததிலிருந்து அப்படி. தணிகாசலம் சேறு சொட்ட எழுந்து நின்று, "கூடப் பொறந்தவளே சிரிச்சிட்டா. இனிமே இந்த ஊரு மண்ண மிதிச்சா என் பேரு தணிகாசலம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வேதவல்லி சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் எத்தனையோ பேர் அவள் எதிரில் விழுந்து பார்த்தாயிற்று.

பனி விழுந்த ஆறாம் நாள் காற்று பச்சைக் கட்டம் போட்ட ஒரு துண்டைக் கொண்டு வந்து வேதவல்லி வீட்டு முருங்கை மரத்தில் மாட்டியது. பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஓரத்தில் அண்ணி போட்ட சிவப்பு நூல் அடையாளம் இருந்தது. அதைத் துவைத்து, அடுப்புக்கு மேல் காய வைத்து, மடித்து, முனிரத்தினத்திடம் கொடுத்தாள். "அண்ணங்கிட்ட குடுத்துடுண்ணா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். சொன்ன மாதிரியே ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிற ஆளா முனிரத்தினம்? சைக்கிளை உருட்டிக்கொண்டு பதினான்கு மைல் சுற்றிப் போய், துண்டை நீட்டிவிட்டு, நீட்டிய கையோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

தணிகாசலம் துண்டை முகர்ந்து பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டார்.

"புள்ளைக்கு என்ன கலர் புடவை எடுத்திருக்காங்க?" என்று கேட்டார்.

"அரக்கு. வந்து பாருங்களேன்."

"சொன்ன சொல்லு சொல்லுதான் முனிரத்தினம். அந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்."

"எங்க ஊர்ல மண்ணு எங்கங்க இருக்குது? இடுப்பளவு பனிதான் இருக்குது. அதுவும் ஒம்பதாந்தேதி உங்க ஊரு முறை. நீங்க மிதிக்கப் போறது உங்க ஊருப் பனிய."

தணிகாசலத்தின் மீசை அசைந்ததாக முனிரத்தினம் பிறகு சத்தியம் செய்தார். அவர் எழுந்து திண்டாடுகிறவர் போல இரண்டு நடை நடந்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னார்: "வரேன். ஆனா கரையிலேர்ந்து பந்தல் வரிக்கும் ஒரு வெரக்கடை மண்ணு கண்ணுல பட்டுதுன்னா அப்படியே திரும்பிடுவேன்."

அந்தச் செய்தி வந்த நேரத்திலிருந்து தென்கரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பாதை கரையிலிருந்து வேதவல்லி வீடு வரை இருநூறு அடி. கோழி கிளறக் கூடாது என்று கோழிகளைக் கூடையில் கவிழ்த்தோம், மாடுகளை வேறு வழியில் ஓட்டினோம், அந்தப் பக்கம் யார் நடந்தாலும் ஊரே "ஏய்!" என்றது. செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் மண்ணை மிதித்ததாகுமா ஆகாதா என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை. ஏழாம் தேதி காலையில் ஏரி கரைக்குக் கரை உறைந்து கண்ணாடியாகிவிட்டது. அந்தச் சென்னைப் பெண் சொன்னபடியே, காற்று முன்னைவிட வேகமாக அடித்தும் ஒரு பொட்டுப் பனிகூட விழவில்லை. இனி இருப்பதுதான் இருப்பு. எட்டாம் தேதி வெயிலும் வந்துவிட்டது.

"கவலய விடுங்க" என்றார் முனிரத்தினம். "ஐஸ் பெட்டில உப்புப் போட்டாதான் ஐஸு கெட்டிப்படும். இருபது வருஷ சர்வீஸு." பெரிய மனிதர் சொன்னால் கேட்க வேண்டாமா? மூன்று மூட்டைக் கல்லுப்பைக் கொண்டு வந்து வேதவல்லி வீட்டு வாசலிலிருந்து விதைப்பது போல விசிறிக்கொண்டே போனோம். திரும்பிப் பார்த்தால் வாசலில் பனியைக் காணோம், கல்யாண ஜமக்காளம் அகலத்துக்குச் செம்மண் ஈரமாகச் சிரிக்கிறது. முனிரத்தினம் அதன் நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவர் உட்கார்ந்த இடத்திலும் உருகியது.

வேதவல்லி வாசற்படியில் நின்று அந்த மண்ணைப் பார்த்தாள். அழவில்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. அப்போது நலங்கு மஞ்சள் முகத்தோடு உள்ளேயிருந்து சுகந்தி வந்தாள், ஒரு அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டாள், கோயில் மதில் நிழலில் பனி ஆளுயரம் நிற்கிறதே அதை நோக்கி ஓடினாள். பாதி ஓட்டத்தில் நின்று, அங்கே ஆடிக்கொண்டிருந்த வடகரைக்காரர்களைப் பார்த்து, "இன்னிக்கு உங்க முறைதானே, எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். வடகரைத் தலைவர் முறத்திலிருந்து எழுந்தார். "நீ ஏம்மா தூக்கற? எங்க ஆளு மிதிக்கிற பனி எங்க கையால வரட்டும்" என்று சொல்லி அந்த முறத்திலேயே முதல் பனியை அள்ளினார். அப்புறம் யார் எந்த ஊர் என்று பார்க்க நேரமில்லை, கூடையில் சுமந்தோம், புடவையில் சுமந்தோம், வண்டியில் சுமந்தோம், வடகரைக்காரன் அள்ள தென்கரைக்காரன் கொட்ட, தென்கரைக்காரி மிதிக்க வடகரைக்காரி மெழுக, பொழுது சாய்வதற்குள் உப்புக் கரித்த இடமெல்லாம் மூடி, அதன் மேல் வைக்கோல் பரப்பி, கரை வரைக்கும் தென்னங்கீற்றில் பந்தல் போட்டு நிழல் கட்டினோம். அத்தனை நீளப் பந்தல் எங்கள் ஜில்லாவில் எந்தக் கல்யாணத்துக்கும் போட்டதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வைக்கோலை வாரினோம். கீழே பனி அப்படியே இருந்தது. எல்லாரும் கரையில் ஏறி நின்று ஏரியைப் பார்த்தோம். வடகரைக்காரர்கள் அதுவரை வந்த விதமாக வேனில் சுற்றி வருவார்கள் என்று நினைத்திருந்தோம். முதலில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு மூன்று மைல் கண்ணாடியின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன, புள்ளிகள் ஆட்களாயின, அந்த ஆட்கள் நடக்கவில்லை, வாடை முதுகில் கை வைத்துத் தள்ள, நின்றபடியே வழுக்கி வந்துகொண்டிருந்தார்கள், தவில்காரர் தவிலை அடித்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் புடவை கப்பல் பாய்போல் உப்ப வரிசை கலையாமல் வந்தார்கள், ஒரு வாழைத்தார் தனியாக வந்தது, எல்லாருக்கும் முன்னால் ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், பஸ்ஸைவிட வேகமாகத் தணிகாசலம் வந்தார். நாங்கள் கத்தினோம், விசில் அடித்தோம், அழுதோம்கூட. பக்தவத்சலம் கையை விரித்துக்கொண்டு கரையிறங்கி ஓடி, மச்சானைப் பிடித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் அவர் பந்தலையும் தாண்டிப் போயிருப்பார்.

"மதகு நான் தொறந்தது தப்பு மச்சான்" என்றார் பக்தவத்சலம், பிடித்த பிடியை விடாமல்.

"அத அப்புறம் பேசலாம். முகூர்த்தம் போவுது" என்றார் தணிகாசலம். பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பனியை மிதித்து, கீழே பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடியாக இருநூறு அடியும் நடந்தார். ஒரு விரற்கடை மண் தெரியவில்லை. சுகந்தி கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்தாள். அவர் பட்டம் கட்டியபோது முடிச்சு இரண்டு தடவை நழுவியது, குளிரால்தான் என்று அவர் சொன்னார், நாங்களும் சரி என்றோம். வேதவல்லி தூண் பக்கத்தில் நின்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

தாலி கட்டி முடிந்த நிமிடம் வாடை நின்றது. பத்து நாளாகக் காதில் இரைந்த காற்று சட்டென்று ஓய்ந்ததில் எங்கள் காது அடைத்துக்கொண்டது. உடனே வெயில் கீற்றுக்குள் இறங்கியது. பந்தியில் முதல் வரிசையில் தணிகாசலத்தை உட்கார வைத்து இலை போட்டு, சாதம் விழுந்து, சாம்பார் வருவதற்குள் அவர் காலடியில் பனி நீராகி ஓடத் தொடங்கிவிட்டது. முனிரத்தினம் பார்த்தார். ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்து போய், பெட்டியில் எடுத்து வைத்திருந்த பனியைத் தணிகாசலத்தின் பாதத்துக்கடியில் திணித்தார். தீர்ந்ததும் வெளியிலிருந்து கை மாற்றிக் கை மாற்றிக் கூடைகள் வந்தன. ரசத்துக்கு ஒரு கூடை, பாயசத்துக்கு ஒரு கூடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செய்யாற்றுச் சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, "தாய்மாமனுக்கு இதுவும் ஒரு சீருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க பக்கம் உண்டு" என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம்.

தணிகாசலம் ஒன்றும் கவனிக்காதவர் போலத்தான் சாப்பிட்டார். மோர் ஊற்றும்போது கடைசிக் கூடை வந்தது. அவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"யோவ் முனிரத்தினம், போதும்யா. கால் ரெண்டும் மரத்துப் போச்சு. மண்ணுல வைக்க வுடுங்கய்யா."

பந்தி முழுக்க வாய்க்குக் கொண்டுபோன சோறு வழியில் நின்றது. முனிரத்தினம் மேசைக்கடியிலிருந்து பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தார். தணிகாசலம் எழுந்தார், பெஞ்சைத் தாண்டினார், ஏழு வருடமாக மிதிக்காத மண்ணில் வலது காலை வைத்தார், பத்து நாள் பனியும் மூன்று மூட்டை உப்பும் ஊறிக் கூழாகியிருந்த எங்கள் செம்மண் அந்தக் காலை அன்போடு வாங்கி அப்படியே முன்னால் இழுத்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மல்லாக்க விழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு ஊரும் பல்லைக் கடித்துக்கொண்டு கீற்றைப் பார்த்தது, தவில்காரர் தவிலுக்குள் முகத்தைப் புதைத்தார், சுகந்தி மாப்பிள்ளையின் மாலையைக் கடித்தாள். வேதவல்லி முந்தானையை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு நின்றாள், தோள் இரண்டும் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. தணிகாசலம் சேற்றில் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையைப் பார்த்தார்.

"சிரிச்சுத் தொலைடி வேதா" என்றார். "செத்துப் போயிடப் போற."